பல் டாக்டர் அடைத்த படகு

ஐந்து நாள் கட்டிலில் கிடந்துவிட்டு, செவ்வாய்க்கிழமை காலையில் இடுப்பைப் பிடித்துக்கொண்டு கரைக்கு வந்த படகுக்காரர், தம் படகைப் பார்த்ததும் வாயைத் திறந்தார். திறந்த வாய் மூடவில்லை. பக்கத்தில் நின்ற அவருடைய தங்கை புருஷன் பல் டாக்டர். பழக்க தோஷம் யாரை விட்டது? மச்சான் எதற்கு வாயைப் பிளக்கிறார் என்று யோசிக்காமல், உள்ளே கடைவாய்ப் பல் எப்படி இருக்கிறது என்று குனிந்து பார்த்தார்.

"மச்சான், கீழ் வரிசையில ஒண்ணு ஆடுது. அதை அப்புறம் பாத்துக்கலாம். முதல்ல படகைச் சொல்லுங்க, எப்படி இருக்கு?"

படகுக்காரர் எதைச் சொல்வார்? கரையில் கட்டைகளின் மேல் ஏற்றி நிறுத்தியிருந்த படகின் இடது பக்கத்தில், அடிமரத்திலிருந்து மேல் விளிம்பு வரை, பலகைக்கும் பலகைக்கும் நடுவில் இருந்த பதினொரு இடுக்கும் வெள்ளை வெளேரென்று அடைபட்டிருந்தன. அடைத்ததோடு விட்டாரா மனிதர்? உப்புக் காகிதம் போட்டுத் தேய்த்து மெருகும் ஏற்றியிருந்தார். கையை வைத்தால் வழுக்கியது. விரல் முட்டியால் தட்டினால் 'டங்' என்றது.

"என்ன மாப்ள பூசினீங்க இதுல?"

"ரெண்டு டப்பாப் பசை. சரிபாதியாக் கலந்தா ஒரு மணி நேரத்துல கல்லாயிடும். முதல்ல இடுக்குல இருந்த பழைய பஞ்சு, அழுக்கு, கீலு எல்லாத்தையும் சுரண்டி எடுத்தேன். காத்து ஊதிக் காயவச்சேன். அப்புறம் அடைச்சேன். முப்பத்தஞ்சு வருஷம் செஞ்ச வேலைதானே மச்சான்? இது கொஞ்சம் பெரிய வாய், அவ்வளவுதான்."

படகுக்காரர் பலகையிலிருந்து கையை எடுத்தார்.

"ரொம்ப... பளபளன்னு இருக்கு மாப்ள," என்றார்.

மரப்படகைப் பற்றி ஒரு விஷயம் தெரிந்தால்தான் அவர் வாய் ஏன் மூடவில்லை என்பது புரியும். கரையேற்றி வெயிலில் போட்ட படகின் பலகை காய்ந்து சுருங்கும், இடுக்குகள் வாயைப் பிளக்கும். அதில் பஞ்சுத் திரியை வைத்து மொட்டை உளியால் அளவாக அடித்து, மேலே மக்கு என்கிற மெத்தென்ற பூச்சைப் பூசுவார்கள். கலப்பத்து அடிப்பது என்று அதற்குப் பெயர். பிறகு தண்ணீரில் இறக்கினால் பலகை இரண்டு நாள் தண்ணீர் குடிக்கும். குடித்து உப்பி, பஞ்சை நெருக்கி, ஒன்றுக்கொன்று தோள் கொடுத்து நிற்கும். அப்புறம் ஒரு சொட்டு உள்ளே வராது. பஞ்சும் மக்கும் விட்டுக் கொடுக்கும். கல் விட்டுக் கொடுக்குமா? உப்புகிற பலகைக்குப் போக்கிடம் இல்லாவிட்டால் அது விலா மரத்திலிருந்து ஆணியோடு பிடுங்கிக்கொண்டு வெளியே வரும். பல்லுக்கு இந்தத் தொல்லை கிடையாது. பல் எத்தனை வருடம் எச்சிலில் ஊறினாலும் உப்பாது. பாவம், டாக்டருக்கு எப்படித் தெரியும்?

அதுவும் எந்த நேரத்தில்! அடுத்த திங்கள்கிழமை காலை பத்து மணிக்குத் துறைமுக அலுவலகத்திலிருந்து சோதனை அதிகாரி வருகிறார். படகு ஒரு மணி நேரம் தண்ணீரில் நிற்க வேண்டும், உள்ளே ஒரு விரல் அளவுக்கு மேல் தண்ணீர் சேரக் கூடாது. தேறினால் இந்தக் கரைக்கும் அந்தக் கரைக்கும் ஆள் ஏற்றும் உரிமை இன்னும் ஐந்து வருடம் படகுக்காரருக்கு. தேறாவிட்டால் மறுநாளே துறையை ஃபைபர் படகுக்கு எழுதிக் கொடுத்துவிடுவார்கள். ஃபைபர் படகும் அந்தப் பக்கம் பந்தயக் குதிரைபோல நுரை தள்ளிக்கொண்டு காத்திருந்தது.

வலது பக்கத்தைப் படகுக்காரர் முன்பே அடித்து முடித்திருந்தார். இடது பக்கத்தில் உளியை வைக்கக் குனிந்தபோதுதான் இடுப்பில் 'கடக்' என்றது. சரியாக அந்தச் சமயம் பார்த்துத் தங்கையும் மாப்பிள்ளையும் இரண்டு வாரம் தங்கிப் போகலாம் என்று வந்து இறங்கினார்கள்.

டாக்டர் கிளினிக்கை மூடி மூன்று மாதம் ஆகியிருந்தது. சும்மா இருப்பது எப்படி என்று அவருக்கு யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை. வீட்டில் கண்ணில் பட்ட ஓட்டையையெல்லாம் அடைத்தார். சுவரில் ஆணி அடித்த ஓட்டை, கதவில் பூச்சி அரித்த ஓட்டை, கடைசியில் குளியலறை மூலையில் தண்ணீர் போகிற ஓட்டை. அதற்கு அடுத்த நாள்தான் அவர் மனைவி, "கிளம்புங்க, எங்க அண்ணன் வீட்டுக்குப் போகலாம்," என்று பெட்டியைக் கட்டினாள். அண்ணன் வீட்டில் ஓட்டையே தொழிலாக வைத்திருக்கும் ஒரு படகு இருக்கிறது என்பது அவளுக்கு நினைவுக்கு வரவில்லை.

சரி, "மாப்ள, இது தப்பு, பெயர்த்து எடுக்கணும்," என்று ஒரே வார்த்தையில் முடித்திருக்கலாமே என்று கேட்பீர்கள். சொல்வது சுலபம்! கட்டிக்கொடுத்த தங்கையின் புருஷனை நேருக்கு நேர் நின்று தப்பென்று சொல்கிற வாய் அந்த வீட்டில் யாருக்கும் கிடையாது. முப்பது வருடமாக மாப்பிள்ளை என்ன சொன்னாலும் 'சரிங்க மாப்ள', என்ன செய்தாலும் 'பிரமாதம் மாப்ள'. கேலி பண்ணுவார்கள், கிண்டல் பண்ணுவார்கள், அதெல்லாம் உண்டு. கோபித்துக்கொண்டதில்லை. படகுக்காரர் சொந்தத் தம்பியைத் துடுப்பால் துரத்தியிருக்கிறார். மாப்பிள்ளையைப் பார்த்துக் குரலை ஒரு நூல் உயர்த்தியதில்லை.

வீட்டுக்கு வந்து மனைவியிடம் விஷயத்தைச் சொன்னார். அவள் கீரை ஆய்ந்துகொண்டே கேட்டாள்.

"நீங்க என்ன சொன்னீங்க?"

"பளபளன்னு இருக்குன்னு சொன்னேன்."

"ரொம்ப நல்லது. திங்கக்கிழமை பளபளன்னு முங்கட்டும்." அந்தப் படகை அவள் சக்களத்தி என்றுதான் சொல்வாள். கல்யாணமான நாளிலிருந்து புருஷன் தன்னைவிட அதன் முதுகைத்தான் அதிகம் தடவியிருக்கிறார் என்பது அவள் வழக்கு. ஆனால் சக்களத்திக்கு ஒன்று என்றால் முதலில் துடிப்பவளும் அவள்தான். "மாப்பிள்ளை மத்தியானம் எப்பத் தூங்குவார்?"

"ஒன்றரைக்குப் படுத்தா நாலுக்குத்தான் எழுந்திருப்பார்." முப்பத்தைந்து வருடம் மத்தியானம் கிளினிக்கை மூடிவிட்டுத் தூங்கிய உடம்பு அது. இடி விழுந்தாலும் நாலு மணிக்கு முன் கண் திறக்காது.

"அப்ப அந்த நேரத்துல போய்ப் பெயர்ப்போம். பஞ்சை அடிச்சு, மேல வெள்ளை மக்கு பூசிட்டா அவருக்கு எப்படித் தெரியப்போகுது?"

அன்று மத்தியானமே ஆரம்பித்துவிட்டார்கள். படகுக்காரர் இடுப்பு வளையாமல் முக்காலியில் உட்கார்ந்து மேல் இடுக்கைப் பார்த்தார். கீழ் இடுக்கில் மனைவி மண்ணில் முட்டி போட்டு உளியையும் சுத்தியலையும் பிடித்தாள். சத்தம் கேட்கக் கூடாது என்று சுத்தியல் தலையில் பழைய துண்டைச் சுற்றியிருந்தாள். பசை சும்மா வருமா? பொடிப்பொடியாகத்தான் வந்தது. பலகை விளிம்பு சிதையாமல் எடுக்க வேண்டுமே! இரண்டரை மணி நேரத்தில் இரண்டு இடுக்குகள். வேர்த்து விறுவிறுத்துப் பஞ்சை அடித்து, மக்கைப் பூசி, ஒன்றும் தெரியாதவர்கள்போல வீட்டுக்கு வந்து காபி போட்டார்கள். புதன்கிழமை மத்தியானம் இன்னும் இரண்டு. ஆனால் சனிக்கிழமை காலையில் படகு தண்ணீரில் இறங்கியாக வேண்டும், இல்லாவிட்டால் குடிக்க இரண்டு நாள் கிடைக்காது. படகுக்காரர் விரல் விட்டு எண்ணிப் பார்த்தார். இன்னும் ஏழு பாக்கி, மத்தியானம் இரண்டுதான் பாக்கி.

புதன்கிழமை சாயங்காலம் சமையலறையில் தங்கை பிடித்துவிட்டாள்.

"அண்ணி, தலையில என்ன அது, மாவா?"

"ஆமா, மாவு."

"மாவு இப்படிக் கல்லு மாதிரியா இருக்கும்?" என்று அண்ணியின் தலையிலிருந்து ஒரு துண்டை எடுத்து நசுக்கிப் பார்த்தாள். நசுங்கவில்லை. அதற்கு மேல் மறைக்க முடியுமா? அண்ணியும் பக்கத்தில் இருந்த அண்ணனும் சொன்னார்கள். தங்கை அடுப்பைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள், கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தாள். துறை உரிமை, திங்கள்கிழமை, அதிகாரி என்று அண்ணன் விவரம் சொன்னபோதுதான் சிரிப்பு நின்றது.

"நீயே உன் வீட்டுக்காரர்கிட்ட பக்குவமாச் சொல்லேன்மா," என்றார் படகுக்காரர்.

அவள் முந்தானையால் கண்ணைத் துடைத்தாள். "அண்ணா, கிளினிக்கை மூடினதுலேர்ந்து அவர் தன் ரெண்டு கையையும் மடியில வச்சு அதையே பாத்துக்கிட்டு உக்காந்திருப்பார். என்னங்கன்னா ஒண்ணுமில்லம்பார். இங்க வந்தப்புறம்தான் காலையில விசிலடிச்சுக்கிட்டே எழுந்திருக்கிறார். மூணு மாசம் கழிச்சு அந்த விசிலைக் கேட்டேன். உன் படகும் முக்கியம்தான், எனக்குத் தெரியாதா? ஆனா அவர்கிட்ட மட்டும் சொல்லிடாதேண்ணா."

இது என்னடா வம்பு! சொன்னால் மாப்பிள்ளையின் விசில் நிற்கும், சொல்லாவிட்டால் படகு நிற்காது. படகுக்காரர் அன்றைக்கு இடுப்பு வலியையே மறந்துபோனார்.

வியாழக்கிழமை மத்தியானம் புருஷனும் பெண்டாட்டியும் கரைக்குப் போய்ப் பார்த்தால், செவ்வாயும் புதனும் சேர்த்துப் பெயர்த்த நாலு இடுக்கும் மறுபடி வெள்ளை வெளேரென்று இருந்தன. தட்டினால் 'டங்'.

"ஐயையோ, திரும்ப அடைச்சிட்டாருங்க!"

அடைத்துத்தான் இருந்தார். காலையில் நுனி வளைந்த கம்பியால் ஒவ்வோர் இடுக்காகக் குத்திப் பார்த்தவர், நாலு இடத்தில் மெத்தென்று இறங்கவும், 'மறுபடி சொத்தை விழுந்திருக்கிறது' என்று முடிவு கட்டி, பஞ்சை வழித்துப் போட்டுவிட்டுப் பசையை ஏற்றிவிட்டார். நோயாளி திரும்பி வந்தால் மறுபேச்சுப் பேசாமல் வைத்தியம் பார்ப்பதுதானே நல்ல டாக்டருக்கு அழகு! மனைவி மண்ணில் அப்படியே உட்கார்ந்துவிட்டாள். முதலில் அழுகைதான் வந்தது. பிறகு புருஷன் முகம் போன போக்கைப் பார்த்துச் சிரிப்பு வந்தது. "தலைக்கு மேல வெள்ளம் போனப்புறம் சாண் என்ன, முழம் என்ன? எடுங்க சுத்தியலை," என்றாள். இந்தத் தடவை துண்டுகூடச் சுற்றவில்லை. ஓங்கி அடித்தாள்.

விதி பாருங்கள், அன்றைக்குப் பார்த்து இரண்டரை மணிக்கு மின்சாரம் போயிற்று. மின்விசிறி நின்றது. இடிக்கு எழாத டாக்டர் புழுக்கத்துக்கு எழுந்துவிட்டார். காற்று வாங்கலாம் என்று கரைப் பக்கம் நடந்து வந்தவர், படகுக்கு இந்தப் பக்கம் திரும்பியதும் நின்றார். மச்சான் முக்காலியில், கையில் உளி. மச்சானின் மனைவி மண்ணில், கையில் சுத்தியல். இருவர் மடியிலும் வெள்ளைத் துண்டுகள். கையும் களவுமாக என்பார்களே, அது இதுதான்.

டாக்டர் குனிந்து ஒரு துண்டை எடுத்து, வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"எதுக்கு எடுக்கறீங்க?"

இனி ஒளிக்க என்ன இருக்கிறது? படகுக்காரர் தரையைப் பார்த்துக்கொண்டே எல்லாவற்றையும் சொன்னார். மரம் குடிப்பதை, உப்புவதை, பஞ்சு விட்டுக் கொடுப்பதை, கல் விட்டுக் கொடுக்காததை. டாக்டருக்கு இரண்டாம் தடவை சொல்ல வேண்டியிருக்கவில்லை.

"அப்ப நான் அடைச்சது பலகையையே பேத்துடும்."

"ஆணியோட வரும் மாப்ள."

"திங்கக்கிழமை ஆபீசர் முன்னாடி."

"ஆமா."

"இது தெரிஞ்சும் மூணு நாளா பளபளன்னு இருக்குன்னு சொன்னீங்களா?"

படகுக்காரர் உளியைக் கீழே வைத்தார்.

"என் கிளினிக்ல ஒரு கம்பவுண்டர் இருந்தார்," என்றார் டாக்டர். குரல் உயரவில்லை, அதுதான் தாங்கவில்லை. "தப்புப் பண்ணினா அவரைக் கத்துவேன். நான் தப்புப் பண்ணினா அவர் என்னைக் கத்துவார். சாயங்காலம் ரெண்டு பேரும் ஒண்ணா டீ குடிப்போம். உங்க வீட்டுல பொண்ணு எடுத்து முப்பது வருஷம் ஆச்சு மச்சான். உங்க தம்பி இதைச் செஞ்சிருந்தா என்ன பண்ணியிருப்பீங்க? என்னை ஒரு தடவைகூட யாரும் திட்டினதில்ல. விருந்தாளியாவே வச்சிட்டீங்க."

துண்டைக் கீழே போட்டுவிட்டுத் திரும்பி நடந்தார். படகுக்காரருக்கு இடுப்பில் வந்த வலி எல்லாம் நெஞ்சுக்கு ஏறியதுபோல இருந்தது. மரியாதை மரியாதை என்று முப்பது வருடம் தூக்கிப் பிடித்தது கடைசியில் மனிதரைத் தள்ளி வைத்ததாக முடிந்துவிட்டதே! பிள்ளையார் பிடிக்கப் போய்க் குரங்கான கதை. மனைவி சுத்தியலை மடியில் வைத்துக்கொண்டு, "அவர் கேட்டதுல என்னங்க தப்பு?" என்றாள். அவருக்கும் அதில் தப்பு ஒன்றும் தெரியவில்லை.

அரை மணி நேரம் கழித்து டாக்டர் திரும்பி வந்தார். ஒரு கையில் கறுப்புத் தோல் பை. பின்னாலேயே தங்கை, வீட்டிலிருந்து இழுத்து வந்த மின்கம்பியைக் கையில் சுற்றிக்கொண்டு. மின்சாரம் வந்துவிட்டது. டாக்டர் பையைத் திறந்து மண்ணில் துணி விரித்து வரிசையாக எடுத்து வைத்தார்: வளைந்த ஊசிகள், சுரண்டிகள், கைக்கு அடக்கமான ஒரு சின்ன டிரில்.

"நான் அடைச்சதைவிடப் பிடுங்கினதுதான் அதிகம். நீங்க நகருங்க, சுத்தியலால அடிச்சா விளிம்பு போயிடும்," என்றார்.

அம்மாடி, அந்தக் கையைப் பார்க்க வேண்டுமே! நெற்றியில் விளக்கைக் கட்டிக்கொண்டு, பலகைக்குக் கன்னத்தைக் கொடுத்துப் படுத்துக்கொண்டு, பசையை மட்டும் தொட்டு மரத்தைத் தொடாமல் எடுத்தார். இவர்கள் ஒரு மத்தியானம் பூராவும் எடுத்த வேலையை அவர் ஒரு மணி நேரத்தில் முடித்தார். வெள்ளிக்கிழமை பொழுது சாய்வதற்குள் பதினொரு இடுக்கும் காலி. அவர் பிடுங்கப் பிடுங்கப் பின்னாலேயே படகுக்காரரின் மனைவி பஞ்சை அடித்துக்கொண்டு வந்தாள், தங்கை மக்கைப் பூசிக்கொண்டு வந்தாள். படகுக்காரர் முக்காலியில் உட்கார்ந்து அளவு சொன்னார்.

எல்லாம் சரி. பேச்சுதான் சரியில்லை. "மாப்ள, தண்ணி குடிக்கிறீங்களா?" என்றால், "வேண்டாங்க." "கொஞ்ச நேரம் உக்காருங்களேன்." "இருக்கட்டுங்க." அந்த 'ங்க' ஒவ்வொன்றும் படகுக்காரருக்கு உள்ளே போய்த் தைத்தது. வேலை நடக்கிறது, விசில் இல்லை. படகுக்காரர், திட்டுவதற்கு ஏதாவது கிடைக்காதா என்றுகூடத் தேடிப் பார்த்தார். வேலையில் ஒரு குறை இருந்தால்தானே?

சனிக்கிழமை காலை, கரையில் நின்ற நாலு பேரும் கை கொடுக்க, படகை உருளைக் கட்டைகளின் மேல் தள்ளித் தண்ணீரில் விட்டார்கள். கயிற்றைக் கரையில் கட்டினார்கள். இறங்கிய ஐந்தாவது நிமிடம் படகு அழ ஆரம்பித்தது. எல்லா இடுக்கிலும் முத்து முத்தாகத் தண்ணீர் கசிந்தது.

"பயப்படாதீங்க, அது அப்படித்தான் வரும். மொண்டு மொண்டு ஊத்தினாப் போதும். இடுக்கைத் தொடக் கூடாது. தானா மூடிக்கும்," என்று படகுக்காரர் எல்லாருக்கும் பொதுவாகச் சொன்னார். இடுப்பில் பட்டை கட்டியிருந்ததால் அவரால் படகுக்குள் இறங்க முடியவில்லை. மொள்ளுகிற வேலையை டாக்டர் கேட்டு வாங்கிக்கொண்டார். வாளியும் கையுமாக உள்ளே இறங்கினார்.

ஒரு மணி நேரம் ஒழுங்காகத்தான் மொண்டார். பிறகு கீழிருந்து மூன்றாவது இடுக்கில் கசிவு கொஞ்சம் பெருத்து, நூல் மாதிரி பீறிட்டது. டாக்டர் அதைப் பார்த்தார். வாளியைப் பார்த்தார். மறுபடி அதைப் பார்த்தார். கசிகிற இடத்தில் பஞ்சை வைத்து அழுத்து: முப்பத்தைந்து வருடம் அந்தக் கை கற்ற பாடம் அது. மூளை வேண்டாம் என்றாலும் கை கேட்குமா? படகுக்குள் கிடந்த பஞ்சுத் திரியில் ஒரு முழத்தைக் கிழித்து, உளியை வைத்து, சுத்தியலை ஓங்கிவிட்டார். உள்ளேயிருந்து ஒரே ஓர் அடி விழுந்தால் போதும், வெளியே அடித்து வைத்த பஞ்சு கழன்று ஆற்றோடு போகும். உப்ப ஆரம்பித்த பலகை ஆப்பு வைத்ததுபோல விலகிக்கொள்ளும். திங்கள்கிழமையாவது, துறையாவது!

கரையில் நின்ற படகுக்காரருக்குத் தொண்டை வரைக்கும் 'மாப்ள, வேண்டாங்க' என்றுதான் வந்தது. வெளியே வந்தது வேறு.

"டேய்! எடுடா கைய!"

கரையே திரும்பிப் பார்த்தது. கரையோரமாகப் போய்க்கொண்டிருந்த இரண்டு டீச்சர்கள் குடையை மடக்கினார்கள்.

"அறிவிருக்காடா உனக்கு? தொடாதே தொடாதேன்னு காலையிலேர்ந்து கத்திக்கிட்டு இருக்கேன், காதுல என்ன அடைச்சு வச்சிருக்கே, பசையா? ஓட்டைன்னு ஒண்ணைக் கண்டா உன் கை சும்மா இருக்காதா? கீழ போடுடா சுத்தியலை!"

சுத்தியல் விழுந்தது. தங்கை வாயைப் பொத்திக்கொண்டாள். மனைவி, "என்னங்க!" என்று புருஷனின் முழங்கையைப் பிடித்தாள். படகுக்காரருக்கு அப்போதுதான் தாம் சொன்னது தம் காதில் விழுந்தது. டேய். மாப்பிள்ளையை. நாலு பேர் முன்னிலையில்.

படகுக்குள் டாக்டர் நிமிர்ந்து நின்றார். முகம் சிவந்திருந்தது.

"அதுக்கு எதுக்கு இந்தக் கத்து கத்தறே?" என்றார், அவரும் அதே குரலில். "நான் என்ன செவிடா? தொடக் கூடாதுன்னா ஏன்னு சொல்லணும்! வாயில என்ன வச்சிருந்தே முப்பது வருஷமா?"

"பல்லு வச்சிருந்தேன்! அதுல ஒண்ணு ஆடுதுன்னு நீதான் சொன்னே!"

டாக்டர் மூச்சு வாங்கினார். வாளியை எடுத்துக்கொண்டு முதுகைக் காட்டித் திரும்பி மொள்ள ஆரம்பித்தார். அவர் தோள் இரண்டும் குலுங்கின. அழுகிறார் என்றே படகுக்காரர் நினைத்தார். தங்கைதான் கயிற்றைப் பிடித்து எட்டிப் பார்த்துவிட்டு வந்தாள்.

"அழலைண்ணா. சிரிக்கிறார்," என்றாள். சொல்லிவிட்டு அவள்தான் அழுதாள்.

அந்த நூல் மாதிரிக் கசிவு சாயங்காலத்துக்குள் தானே நின்றது. ஞாயிற்றுக்கிழமை முழுவதும் பலகைகள் முனகிக்கொண்டே உப்பின. காலையில் பத்து நிமிடத்துக்கு ஒரு வாளி மொண்டது, மத்தியானம் மணிக்கு ஒரு வாளி ஆயிற்று, பொழுது சாயும்போது வாளிக்கு வேலையே இல்லை. அதற்குள் மச்சானும் மாப்பிள்ளையும் ஏழு தடவை சண்டை போட்டிருந்தார்கள். வாளியைப் பிடித்த விதத்துக்கு ஒன்று, கயிறு முடிந்த விதத்துக்கு ஒன்று, மீதி எதற்கு என்று அவர்களுக்கே ஞாபகம் இல்லை. டாக்டர் அன்று மத்தியானம் தூங்கவே இல்லை.

திங்கள்கிழமை பத்து மணிக்கு அதிகாரி வந்தார். கடிகாரத்தைப் பார்த்து ஒரு மணி நேரம் உட்கார்ந்தார். பிறகு படகுக்குள் கால் வைக்கும் பலகையைத் தூக்கி, கையை விட்டுத் துழாவினார். விரல் நுனி நனைந்தது, அவ்வளவுதான். விளக்கை அடித்து ஒவ்வோர் இடுக்காகப் பார்த்துக்கொண்டு வந்தவர், இடது பக்கத்தில் கொஞ்சம் நின்றார்.

"வலது பக்கத்தைவிட இந்தப் பக்கம் விளிம்பு சுத்தமா இருக்கே. பட்டறையில குடுத்துச் செஞ்சீங்களா?"

"பட்டறையா?" என்றார் படகுக்காரர். பக்கத்தில் நின்ற அறுபத்திரண்டு வயதுக்காரரைக் கட்டை விரலால் காட்டினார். "இதோ நிக்கிறானே, எங்க வீட்டுப் பய. வேலை சுத்தம்தான் சார். ஆனா சொல்பேச்சுக் கேக்க மாட்டான். கத்தணும்."

டாக்டர் மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார், மாட்டினார், மறுபடி கழற்றித் துடைத்தார். அதிகாரி படகு மேலேயே உட்கார்ந்து, தாளை முட்டியில் வைத்துக் கையெழுத்துப் போட்டு நீட்டினார். முதலில் கை நீட்டி அதை வாங்கிக்கொண்டவர் டாக்டர்தான்.